மொரீசியஸ் முந்தியது எப்படி, பிஜி பிந்தியது ஏன்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் உயர்தர வகுப்பில் பொருளியல் கற்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். மொரீசியஸ், பிஜி இரண்டுமே கரும்புத் தோட்டங்களுக்காக வெள்ளைக்காரர் இந்தியாவிலிருந்து ஆட்களை ஏற்றிச் சென்ற தீவுகள். இன்று இவற்றில் எது வளமான நாடு, எது ஒழுங்காக ஆளப்படும் நாடு என்பது முதலாவது. ஒன்று முந்தவும் மற்றொன்று பிந்தவும் காரணம் என்ன என்பது இரண்டாவது. நமது பாட்டன் பூட்டன்மார் கண்டிச் சீமை எனப்பட்ட இந்த மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வராமல் அந்தக் கப்பல்களில் ஏறியிருந்தால் நாம் இதைவிட நன்றாக இருந்திருப்போமா என்பது மூன்றாவது. அவர் மனதில் உண்மையில் இருப்பது மூன்றாவது கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதலிரண்டையும் கடக்காமல் அதற்குப் போக வழியில்லை.

சுருக்கமாகச் சொன்னால், வருமானத்திலும், ஆட்சி முறிவின்றித் தொடர்வதிலும், சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பிலும் மொரீசியஸ் தெளிவாக முன்னே நிற்கிறது. இயற்கை கொடுத்த சொத்தை மட்டும் பார்த்தால் பிஜிதான் முன்னே நின்றிருக்க வேண்டும். கப்பலில் வந்தவனின் பேரப்பிள்ளையை அந்த நாடு தன்னுடைய ஆளாக எண்ணியதா, இல்லையா என்பதில்தான் இந்த வேறுபாட்டின் வேர் இருக்கிறது என்பது என் கருத்து.

எங்கள் தோட்டத்தில் பக்கத்து லயத்துப் (தொழிலாளர் வரிசை வீட்டுப்) பெண் ஒருவர் மொரீசியஸில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு வந்தார். வந்தபோது அந்நாட்டு 100 ரூபாய் நாணயத்தாள் ஒன்றை என்னிடம் கொடுத்தார். அதில் ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றிலும் பெறுமதி எழுதப்பட்டிருக்கிறது. முகப்பில் இருக்கும் படம் ரெங்கநாதன் சீனிவாசனுடையது. தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த சட்டத்தரணியான அவர் கல்வி அமைச்சராக இருந்து, நாடு சுதந்திரம் பெறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1958இல் காலமானவர். 25 ரூபாய்த் தாளில் ஒரு சீனரும், 200 ரூபாய்த் தாளில் ஒரு முஸ்லிமும், 500 ரூபாய்த் தாளில் ஓர் இந்துவும் இருக்கிறார்கள். 1,000 ரூபாய்த் தாளில் இருப்பவர், ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களின் தலைவரான கேத்தான் டுவால். இவர் சுதந்திரமே வேண்டாம் என்று கட்சி நடத்தியவர். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தோரில் ஏறத்தாழ 44 வீதமானவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். சுதந்திரத்தை எதிர்த்தவரையே தன் பணத்தாளில் பதித்துக்கொண்ட நாட்டை நான் வேறெங்கும் அறியேன். 1998இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது அங்குள்ள தமிழர் கொதித்தெழுந்தார்கள். அரசாங்கம் அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசைக்கே போனது. மக்கள்தொகையில் தமிழர் மிகச் சிறிய பங்கினர்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நமது நாணயத்தாளிலும் தமிழ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது; மலையகத்தாரின் வாக்குரிமையைப் பறித்த நாட்களிலும் இருந்தது. ஆகவே தாளில் உள்ள எழுத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்த எழுத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம். மொரீசியஸின் பெருந்தீவு 1,865 சதுர கிலோமீற்றர். நமது நுவரெலியா மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. அந்தச் சின்ன இடத்தில் ஏறத்தாழ 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பிஜி முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட, 18,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நாடு. அங்கே வாழ்பவர்கள் 9 இலட்சம் பேர் அளவில்தான். அதாவது ஒன்பது மடங்குக்கும் கூடிய நிலமும் குறைந்த சனத்தொகையும் பிஜிக்கு. தங்கச் சுரங்கம், காடு, வற்றாத ஆறுகள், பரந்த கடல் எல்லாம் அதற்கு உண்டு. மொரீசியஸில் கல்லும் கரும்பும் கடற்கரையும் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இருந்தும் அண்மைய ஆண்டுகளில் மொரீசியஸின் ஆள்வீத வருமானம் ஆண்டுக்கு 11,000 அமெரிக்க டொலரைத் தாண்டுகிறது. பிஜியின் வருமானம் 6,000 டொலரை ஒட்டியிருக்கிறது. இலங்கையின் வருமானம் 4,000 டொலரைச் சுற்றி நிற்கிறது. 2020இல் உலக வங்கி மொரீசியஸை உயர் வருமான நாடுகளின் பட்டியலிலேயே சேர்த்தது. கொரோனாவில் சுற்றுலா படுத்ததால் மறு ஆண்டே அந்த இடம் பறிபோயிற்று. ஐக்கிய நாடுகளின் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணில் மொரீசியஸ் 0.80 அளவிலும் பிஜி 0.73 அளவிலும் நிற்கின்றன. இலங்கை 0.78 அளவில் இருக்கிறது; அந்த இலங்கை எண்ணுக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

தொடக்கத்தில் எவரும் மொரீசியஸ்மீது நம்பிக்கை வைக்கவில்லை. 1961இல் அந்நாட்டின் பொருளாதாரத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் மீட், ஒரே பயிரை நம்பி, சனத்தொகை பெருகி, இனங்களாகப் பிரிந்து கிடக்கும் அந்தத் தீவு அமைதியாக முன்னேறுவது கடினம் என்று எழுதினார். பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். கண்மூடித்தனமாக எழுதியவர் அல்லர். 1968 மார்ச் 12ஆம் திகதி சுதந்திரம் கிடைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்கூட தலைநகர் போர்ட் லூயிஸில் கிரியோல் மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் வெடித்து, பிரித்தானியத் துருப்பை வரவழைக்க வேண்டியிருந்தது. பிஜியோ 1970 அக்டோபர் 10ஆம் திகதி சிறு சலசலப்பும் இன்றிச் சுதந்திரம் பெற்றது. அன்று இரண்டில் எது உருப்படும் என்று யாரையாவது கேட்டிருந்தால் பிஜியைத்தான் காட்டியிருப்பார்கள்.

இரண்டு நாடுகளையும் நம்மையும் இணைக்கும் ஓர் ஆள் இருக்கிறார். ஆர்தர் ஹமில்டன் கோர்டன் என்ற ஆங்கிலேயர் 1871 முதல் 1874 வரை மொரீசியஸின் ஆளுநராகவும், 1875இலிருந்து பிஜியின் ஆளுநராகவும், 1883 முதல் 1890 வரை இலங்கையின் ஆளுநராகவும் இருந்தார். கோப்பி அழிந்து தேயிலை எழுந்த காலத்தில் நமது மலைகளை ஆண்டவர் அவர். பிஜிக்கு அவர் போய்ச் சேர்ந்த ஆண்டில் அங்கே சின்னமுத்து நோய் பரவி 40,000 அளவிலான பழங்குடியினர் மாண்டிருந்தார்கள். எஞ்சிய மக்களைத் தோட்டத்துக்குள் இழுத்தால் இனமே அற்றுப்போகும் என்று அஞ்சிய கோர்டன், இதவுக்கே எனப்படும் அந்த மண்ணின் மக்களுடைய நிலத்தை யாரும் வாங்கவோ விற்கவோ முடியாதபடி காத்து, கரும்பு வெட்ட இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 1879 மே 14ஆம் திகதி லியோனிடாஸ் என்ற கப்பல் முதல் கூட்டத்தை இறக்கியது. 1916 வரை 60,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். 1903க்குப் பிறகு சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டதால் அவர்களில் தமிழரும் தெலுங்கரும் பல்லாயிரவர். ஒப்பந்தத்துக்கான ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆயிற்று. நம்மவர் வாயில் ‘துண்டு’ என்று வழங்கிய சீட்டைப்போல, ஒரு வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு சொல் குறித்தது.

கோர்டன் செய்தது ஒரு மக்களைக் காத்தது என்பதை நான் மனமாரச் சொல்வேன். ஹவாயிலும் நியூசிலாந்திலும் மண்ணின் மக்கள் நிலத்தை இழந்ததுபோல் பிஜியில் இழக்கவில்லை; இன்றும் அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அவர்களுடையதுதான். ஆனால் அந்தக் காப்பின் மறுபக்கம், கரும்பை விளைவித்த இந்தியருள் மிகப் பெரும்பாலானவர்களுக்கு நிலம் சொந்தமாகக் கிடைக்கவில்லை என்பதாகும். அவர்கள் குத்தகைக்காரர்களாகவே இருந்தார்கள். 1976ஆம் ஆண்டின் சட்டம் குத்தகையை 30 ஆண்டுகளாக்கியது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த குத்தகைகள் 1997இலிருந்து ஒவ்வொன்றாக முடியத் தொடங்கியபோது, தாத்தா காலத்திலிருந்து உழுத வயலையும் தன் கையால் கட்டிய வீட்டையும் விட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. தலைநகர் சுவாவைச் சுற்றித் தகரக் குடிசைகள் பெருகியதற்கு இது ஒரு பெரிய காரணம். ஓய்வு பெற்றதும் லயக் காம்பராவை யார் பெயரில் வைத்துக்கொள்வது என்று அலைந்த பெற்றோரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மொரீசியஸில் கதை வேறு. அங்கே பழங்குடியினர் என்று எவரும் இருந்ததில்லை. பிரெஞ்சுக்காரர், ஆபிரிக்க அடிமைகள், இந்தியர், சீனர் என எல்லோருமே கப்பலில் வந்தவர்கள். 1834இலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இந்தியாவிலிருந்து இறங்கிய ஆப்ரவாசி காட் என்ற படித்துறை 2006இல் உலக மரபுச் சின்னமாக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனி விலை விழுந்தபோது தோட்ட முதலாளிகள் ஓரத்து நிலங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். நமது கங்காணிமாரைப் போன்ற சர்தார்மாரும், சிறுகச் சிறுகச் சேமித்த தொழிலாளரும் அவற்றை வாங்கினார்கள். 1920களில் கரும்பு நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்திய வம்சாவளியினர் கையில் இருந்தது. நிலத்திலிருந்து கிடைத்த பணம் பிள்ளையைப் படிக்க வைத்தது. படித்த பிள்ளை சட்டத்தரணியாகி, வைத்தியராகி, அரசியலுக்கு வந்தான்.

அடுத்தது வாக்கு. இங்கே ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்ளுமாறு மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். அது 1948. அதற்கு முன் மொரீசியஸில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் 12,000 பேர் அளவில்தான். புதிய அரசியலமைப்பு, தீவில் வழங்கும் ஏதாவது ஒரு மொழியில் எளிய வசனமொன்றை எழுத வாசிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாக்கைக் கொடுக்கவே, 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் 70,000ஐத் தாண்டினர். கரும்பு வெட்டியவன் இந்தியிலோ தமிழிலோ எழுதிக் காட்டி வாக்காளன் ஆனான். அதே 1948இல் இலங்கையில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. முந்திய ஆண்டுத் தேர்தலில் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகம், அடுத்த தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியாமற் போயிற்று. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள்.

பிஜி இந்தியருக்கு வாக்கு 1929இலேயே கிடைத்தது. ஆனால் இனவாரியான தனிப் பட்டியலில். இந்தியன் இந்தியனுக்கு, ஐரோப்பியன் ஐரோப்பியனுக்கு என்ற முறை அது. பொதுப்பட்டியல் வேண்டும் என்று கேட்டு அன்றைய இந்திய உறுப்பினர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள், கேட்பாரில்லை. இனவாரித் தொகுதிகள் ஏதோ ஒரு வடிவில் 2006 வரை நீடித்தன. வேட்பாளனுக்கு மற்ற இனத்தாரின் வாக்கு தேவையே இல்லை என்றால், மற்ற இனத்தாரைத் திட்டுவதால் அவனுக்கு இழப்பும் இல்லை. மொரீசியஸ் எல்லோரையும் ஒரே பட்டியலில் வைத்தது. மூன்று உறுப்பினர் தொகுதிகள் 20, ரொட்ரிகஸ் தீவுக்கு இருவர் என 62 பேரைத் தேர்ந்தெடுத்த பிறகு, எந்தச் சமூகமாவது போதிய இடம் பெறாமல் விடுபட்டிருந்தால், தோற்றவர்களுள் கூடிய வாக்குப் பெற்ற அச்சமூகத்தவருக்கு எட்டு இடங்கள் வரை கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தது. சாதியும் இனமும் பார்த்து வேட்பாளரை நிறுத்தும் பழக்கம் அங்கே ஒழிந்துவிடவில்லை. இருந்தாலும் வெல்ல வேண்டுமானால் பிற இனத்தவருடன் கூட்டுச் சேர்ந்தே தீர வேண்டும். முதற் பிரதமர் சிவசாகர் ராம்கூலம், சுதந்திரத்தை எதிர்த்த டுவாலை 1969இல் தன் அரசாங்கத்துக்குள் எடுத்து வெளிநாட்டு அமைச்சராக்கினார். 1992இல் குடியரசான நாட்டுக்கு அதே ஆண்டில் ஒரு முஸ்லிம் ஜனாதிபதியானார். 2003இல் பிரெஞ்சு வம்சாவளியினரான போல் பெரோஞ்சே பிரதமரானார்.

மொரீசியஸுக்கு இராணுவம் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொலிசும் அதன் ஆயுதப் பிரிவும் மட்டுமே. பிஜிக்கு இராணுவம் உண்டு. அது பெரும்பாலும் இதவுக்கே மக்களைக் கொண்டது. ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையில் பணியாற்றிப் பெயரெடுத்தது. 1987 ஏப்ரலில் திமோசி பவத்ரா தலைமையில் இந்தியரின் ஆதரவோடு ஓர் அரசாங்கம் அமைந்தது. பவத்ரா இதவுக்கேதான். ஆனாலும் ஒரு மாதத்தில், மே 14ஆம் திகதி, முகமூடி அணிந்த படையினர் பாராளுமன்றத்துக்குள் புகுந்து அந்த அரசாங்கத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நடத்தியவர் லெப்டினன்ட் கேணல் சித்திவேனி ரம்புகா. லியோனிடாஸ் வந்து சேர்ந்து சரியாக 108 ஆண்டுகள் முடிந்த நாள் அது. செப்டெம்பரில் இரண்டாவது தடவை. 1990இல் வந்த அரசியலமைப்பு, பிரதமர் பதவி இதவுக்கேக்கு மட்டுமே என்று எழுதி வைத்தது. அது திருத்தப்பட்டபின் 1999 மே 19ஆம் திகதி மகேந்திர சௌத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். சரியாக ஓராண்டு கழித்து, 2000 மே 19ஆம் திகதி ஜோர்ஜ் ஸ்பைட்டின் ஆயுதக் கும்பல் அவரைப் பாராளுமன்றத்திலேயே சிறைபிடித்து 56 நாட்கள் வைத்திருந்தது. 2006 டிசம்பரில் இராணுவத் தளபதி பைனிமராமா ஆட்சியைக் கைப்பற்றினார்.

இந்தக் கணக்கை டொலரில் மட்டும் போட முடியாது. 1987க்குப் பிறகு ஆசிரியர், தாதியர், கணக்காளர், வைத்தியர் எனக் கற்றவர்கள் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் இலட்சக்கணக்கில் போய்விட்டார்கள். 1960களில் நாட்டின் பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் இன்று மூன்றில் ஒரு பங்கினர் அளவில்தான். ஒரு நாடு முப்பது ஆண்டுகள் செலவழித்துப் படிக்க வைத்த தலைமுறையை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு எப்படி முன்னேறும்? மலையகத்தாரில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஒப்பாரிக் கோச்சி எனப்பட்ட ரயிலில் நம்மவர்கள் ஏற்றப்பட்டதைப் பார்த்தவர்கள் இக்கேள்வியின் கனத்தை அறிவார்கள்.

சீனிப் பணத்தை என்ன செய்தார்கள் என்பதும் முக்கியம்தான். 1975ஆம் ஆண்டின் லோமே உடன்படிக்கை ஐரோப்பாவுக்குக் கூடிய விலையில் சீனி விற்கும் உரிமையை இரு நாடுகளுக்கும் கொடுத்தது. மொரீசியஸின் பங்கு ஆண்டுக்கு 5 இலட்சம் தொன் அளவு. பிஜிக்கு அதில் மூன்றில் ஒன்று. இந்த அதிர்ஷ்டத்தை மறைத்துவிட்டு மொரீசியஸின் திறமையைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் அந்தப் பணத்துக்கு வரி விதித்து, 1970இலேயே தொடங்கிய ஏற்றுமதி வலயத்தையும் 1977இல் இலவசமாக்கிய இடைநிலைக் கல்வியையும் நடத்தியது அவர்கள் செய்த நல்ல காரியம். ஹொங்கொங்கிலிருந்து ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. 1980களின் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லாத தீவில், அந்தப் பத்தாண்டு முடியும்போது ஆள் தட்டுப்பாடு வந்தது. ஐரோப்பா 2006இலிருந்து சீனி விலையைக் குறைத்தபோது மொரீசியஸ் ஆலைகளை ஒன்றிணைத்து, சுத்திகரித்த சீனியும் கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரமும் எடுக்கத் தொடங்கியது. பிஜியில் 1990களில் 5 இலட்சம் தொன்னை எட்டிய சீனி உற்பத்தி இன்று 2 இலட்சம் தொன்னுக்கும் கீழே விழுந்துவிட்டது.

வாழ்க்கைத் தரம் என்று வரும்போது முதலில் வீட்டைத்தான் பார்க்க வேண்டும். 1960 பெப்ரவரியில் கரோல் என்ற சூறாவளி மொரீசியஸின் மரவீடுகளையும் ஓலைக் குடிசைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு அரசாங்கம் கொங்கிரீட் வீட்டுத் திட்டங்களை எழுப்பியது. மக்களும் தட்டையான கொங்கிரீட் கூரைக்கு மாறினார்கள். மேல்மாடிக்கான கம்பிகளைக் கூரையில் நீட்டி வைத்து, மகன் கலியாணம் முடித்ததும் அதன்மேல் இன்னொரு தட்டு எழுப்புவது அங்குள்ள வழக்கம் என்று அந்தப் பெண் சொன்னார். இன்று பத்தில் ஒன்பதை நெருங்கும் குடும்பங்கள் சொந்த வீட்டில் வாழ்கின்றன. 2025 நவம்பரில் டித்வா புயலில் நமது மலைகள் சரிந்தபோது இது என் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு புயலுக்குப் பிறகு ஒரு நாடு தன் வீடுகளையே மாற்றிக் கட்ட முடிந்திருக்கிறது. பிஜியும் 2016இல் வின்ஸ்டன் சூறாவளியில் 44 உயிர்களை இழந்தது. கடல் ஏறிவந்ததால் 2014இலேயே ஒரு முழுக் கிராமத்தை மேட்டுக்கு நகர்த்தியது. அதன் துன்பம் முடியவில்லை.

மொரீசியஸில் முதியோர் ஓய்வூதியம் தொழில் பார்த்தவர், பாராதவர் என்ற வேறுபாடின்றி 1958இலிருந்து எல்லோருக்கும் கிடைக்கிறது. அதன் வயதை 60இலிருந்து 65க்கு உயர்த்தப் போவதாக 2025இல் அறிவித்தபோது மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். மாணவருக்கும் முதியோருக்கும் பஸ் இலவசம், வைத்தியம் இலவசம். பிஜியில் பாடசாலைக் கட்டணம் 2014இல்தான் நீக்கப்பட்டது. முதியோர் உதவிப்பணம் 2013இல் தொடங்கியது, அதுவும் வேறு வருமானமில்லாதவர்களுக்கு. சராசரி ஆயுள் மொரீசியஸில் 75 வயதை ஒட்டியும் பிஜியில் 67 வயதை ஒட்டியும் இருக்கிறது. நீரிழிவு இரு நாடுகளையும் வாட்டுகிறது. ஆனாலும் பிஜியின் கிராமத்தில் ஒரு குடும்பத்துக்குக் கையில் காசில்லாவிட்டாலும் சொந்தக் குலத்தின் நிலத்தில் மரவள்ளியும் சேம்பும், கடலில் மீனும் உண்டு. அதை எந்த வருமானக் கணக்கும் முழுமையாகக் காட்டுவதில்லை.

மொரீசியஸைச் சொர்க்கமாக எண்ணிவிடக் கூடாது. சீனித் தோட்டங்களில் பெரும்பகுதியும் பெருநிறுவனங்களும் இன்றும் பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்கள் சிலவற்றின் கையில் இருக்கின்றன. அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் அந்த வளர்ச்சியில் பின்தங்கினார்கள். 1999 பெப்ரவரியில் அவர்களின் அன்புக்குரிய பாடகர் காயா பொலிஸ் காவலில் இறந்தபோது தீவு முழுவதும் பற்றி எரிந்தது. 1972இல் நடக்க வேண்டிய தேர்தலை 1976 வரை தள்ளிப்போட்ட வரலாறும் உண்டு. பிரதமர் பதவி பெரும்பாலான காலம் இரண்டு குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்திருக்கிறது. 2024 நவம்பரில், இரகசியமாகப் பதிவுசெய்யப்பட்ட தொலைபேசி உரையாடல்கள் வெளிவந்தபோது, அரசாங்கம் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் சமூக ஊடகங்களை முடக்கிப் பார்த்தது. எதிர்ப்பு வலுக்கவே உடனே விலக்கிக்கொண்டது. மக்கள் அந்த அரசாங்கத்துக்கு 62 இடங்களில் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு 60 இடங்கள். தோற்ற பிரதமர் வீட்டுக்குப் போனார். ஒரு துப்பாக்கியும் வெளியே வரவில்லை. நல்லாட்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

பிஜியும் மாறி வருகிறது. 2013ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இனவாரித் தொகுதிகளை ஒழித்து, எல்லாக் குடிமக்களையும் ‘பிஜியர்’ என்ற ஒரே பெயரால் அழைத்தது; ஆயினும் நாட்டின் நல்வாழ்வுக்கே இராணுவம் பொறுப்பு என்ற வாசகம் அதில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் பைனிமராமா தோற்று ஆட்சியை ஒப்படைத்தார். பிரதமரானவர் 1987இல் துப்பாக்கியோடு வந்த அதே ரம்புகா. 2023 மேயில், கிர்மிட் நாளை அரச விடுமுறையாக்கிய அந்த முதல் ஆண்டில், அவர் இந்திய வம்சாவளி மக்களின் முன் நின்று தான் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டார். ஊழல் குறைவை அளக்கும் சுட்டெண்ணில் இரண்டு நாடுகளும் இன்று 50 புள்ளிகளை ஒட்டியோ மேலோ நிற்கின்றன. இலங்கை 30களில் கிடக்கிறது. நம்மிடம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக ஆட்சித் தலைவர் ஒருவர் இப்படி நின்று மன்னிப்புக் கேட்ட நாளை நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்புகிறேன்.

இனி மூன்றாவது கேள்வி. இலங்கையின் 0.78 என்ற எண் பிஜியைவிட மேலானது. ஆனால் அது நாட்டின் சராசரி. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வறியோர் 14 வீதமாக இருக்க, தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 34 வீதம். நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்டு இன்னமும் நிற்கிறோம். ஆகவே மொரீசியஸ் கப்பலில் ஏறியவர்களின் பிள்ளைகள் சோற்றாலும் வீட்டாலும் படிப்பாலும் மரியாதையாலும் நம்மைவிட நன்றாக இருக்கிறார்கள் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பிஜிக்குப் போனவர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்; அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் சிட்னியிலும் ஒக்லாந்திலும் நன்றாக வாழ்கிறார்கள், ஆனால் அதற்காகத் தங்கள் ஊரை இழந்தார்கள்.

மொழி விடயத்தில் கணக்கு மாறுகிறது. பிஜியில் தமிழர் வீடுகள் பெரும்பாலும் இந்திக்கு மாறிவிட்டன. மொரீசியஸில் தைப்பூசம் அரச விடுமுறை, தமிழ் பாடசாலையில் ஒரு பாடம், ஆனால் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. நமது லயங்களில் தமிழ் அழியவில்லை. வெளியே போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்ததும், இந்தியா கூப்பிடு தூரத்தில் இருந்ததும் அதற்குக் காரணங்கள். ஆகவே அதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட என்னால் முடியவில்லை. அந்தப் பெண் ஒரு தைப்பூசத்தன்று தொழிற்சாலைத் தோழிகளோடு காவடி பார்க்கப் போயிருக்கிறார். பக்தர்கள் தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடியிருக்கிறார்கள். இவர் தமிழில் பேசுவதைக் கேட்ட ஒரு மூதாட்டி கிட்ட வந்து கையைப் பிடித்துக்கொண்டு, கோயில் சுவரில் எழுதியிருந்த வரிகளைக் காட்டி வாசிக்கச் சொன்னாராம். இவர் வாசிக்க வாசிக்க, பொருள் விளங்காமலே அந்த அம்மா ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாராம்.